கன்னத்துக் கரண்டு

எட்டிமரத்துப்பாளையத்தில் கரண்டு இல்லாத பொழுதுகளில் வடக்கு வீதியில் மட்டும் விளக்கெரிந்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றிக் கேட்டால், அது மயிலாத்தாளுடைய இடது கன்னத்திலிருந்து வந்தது என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது, காட்டிலிருந்து சோளம் வந்தது என்று சொல்கிற மாதிரியே அதையும் சொல்வார்கள், சொல்லிவிட்டு வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

மயிலாத்தாளுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. வீட்டை ஒட்டினாற்போல் இருந்த தறிக்குடோனில் அவளும் புருஷன் நஞ்சப்பனும் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தறியைப் பார்த்துக்கொள்வார், அவள் ஊடைநூலைக் கட்டையில் தார் சுற்றிக் கொடுப்பாள். ஒரே மகளைத் துறையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. தறிச் சத்தத்துக்குள்ளேயே இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியதில் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்து, கையசைவும் கண்ணசைவுமே போதும் என்றாகியிருந்தது.

வலி முதன்முதலில் வந்தது ஒரு மார்கழிக் காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. காதுக்கு முன்னால் தொடங்கி, கன்னத்தைக் கிழித்துக்கொண்டு மேலுதடு வரைக்கும் ஓடி, ஒரு கண்சிமிட்டும் நேரத்தில் காணாமல் போனது. அறுந்த கரண்டுக் கம்பியை யாரோ முகத்தில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது என்று அவள் சொன்னாள். பல்லுதான் என்று ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள், அப்போதும் போகவில்லை. பிறகு மெல்லும்போது வந்தது, தண்ணீர் பட்டால் வந்தது, சேலைத் தலைப்பு உரசினால் வந்தது, காற்றடித்தால் வந்தது, சிரித்தால் வந்தது. அவள் மெல்லுவதை விட்டாள், முகம் கழுவுவதை விட்டாள், வாசலில் நிற்பதை விட்டாள், கடைசியாகச் சிரிப்பதையும் விட்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இது பல் இல்லை, முகத்து நரம்பு என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார்.

"கன்னத்து வழியா ஒரு ஊசி விட்டு, அந்த நரம்பை லேசாச் சுட்டுவிட்டுருவோம்மா. சுடும்போது மருந்து குடுத்துருவோம், ஒண்ணும் தெரியாது. சாயந்தரமே வீட்டுக்குப் போயிரலாம்."

"வலிக்குங்களா?"

"வலியை எடுக்கத்தானேம்மா பண்றோம்?"

மேசையில் படுக்கவைத்து, தலை அசையாமல் பட்டை போட்டுக் கட்டினார்கள். வலித்தால் வலது கையைத் தூக்குங்கள், நாங்கள் நிறுத்திவிடுவோம் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். உதட்டோரத்தில் ஊசி நுழைந்து, கன்னச் சதைக்குள் ஏறி, கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ போய் எலும்பில் தட்டியது. எங்கே தெரிகிறது, தாடையிலா கன்னத்திலா நெற்றியிலா என்று டாக்டர் கேட்டார், அவள் சொன்னாள். அப்புறம் கையில் மருந்து ஏறியது, எல்லோரும் அவள் தூங்கிவிட்டதாக நினைத்தார்கள். அவள் தூங்கவில்லை. நாக்கு மட்டும்தான் தூங்கியது. டாக்டர் தான் கட்டுகிற வீட்டுக்கு என்ன கல் பதிப்பது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டே சூட்டைக் கொடுத்தார். இத்தனை மாசம் கண்சிமிட்டும் நேரம் வந்து போன அந்த வலி அப்போது வந்து உட்கார்ந்து போகாமலே இருந்தது.

மயிலாத்தாள் கையைத் தூக்கினாள்.

"கையை ஆட்டாதீங்கம்மா" என்று நர்ஸ் கனிவாகச் சொல்லி, கையைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் தூக்கினாள், நர்ஸ் மறுபடியும் அமுக்கினாள். மூன்றாவது தடவை கையையும் கட்டிவிட்டார்கள்.

"மருந்து போயிருக்கு, ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு" என்றார் டாக்டர். "வெள்ளைக் கல் போட்டா அழுக்குத் தெரியுமோன்னு யோசனையா இருக்கு."

வெளியே வந்தபோது அவளுடைய இடது பக்க முகம் மரத்துப்போயிருந்தது. தொட்டால் தெரியவில்லை, எச்சில் ஒழுகினால் தெரியவில்லை, ஈ உட்கார்ந்தால் தெரியவில்லை. ஆனால் அந்த மரத்த சதைக்குக் கீழே வலி அப்படியே இருந்தது, முன்பு மின்னலாய் வெட்டியது இப்போது அடுப்பாய் எரிந்தது. காற்றுப் படுவது தெரியவில்லை, பட்ட பிறகு வருகிற வலி மட்டும் தெரிந்தது.

பத்து நாள் கழித்து வரச்சொல்லியிருந்தார்கள். டாக்டர் குண்டூசியால் கன்னத்தைக் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார்.

"தெரியலீங்க."

"நல்லா மரத்திருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"உள்ளுக்குள்ள நோவுதுங்க. முன்னைக்கு இப்ப சாஸ்திங்க. அன்னைக்கு சுடறப்பவும் எனக்குத் தெரிஞ்சுதுங்க, எல்லாமே தெரிஞ்சுதுங்க. கல்லு பதிக்கறதைப் பத்திப் பேசுனீங்க."

டாக்டர் குண்டூசியைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். "மருந்துல அந்த மாதிரிக் கனவெல்லாம் வரும்மா. மரத்துப்போன எடத்துல எப்படிம்மா வலிக்கும்?"

அவள் நஞ்சப்பனைப் பார்த்தாள். நஞ்சப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், காற்றுப் படாதபடி அவள் தலையோடு போர்வையைப் போர்த்தி மூடிவிட்டு, "டாக்டரே சொல்றாருல்ல, போகப் போகச் செரியாயிரும்" என்றார். போர்வைக்குள் இருட்டாக இருந்தது. இனி இந்த வலியை யாரிடமும் கொண்டுபோய்க் காட்ட முடியாது என்பது மயிலாத்தாளுக்கு அந்த இருட்டுக்குள் புரிந்தது.

அந்த வாரத்திலேயே அது நடந்தது.

பகலில் பாதி நேரம் கரண்டு இல்லாத காலம் அது. தறிகள் நின்று, குடோன் முழுக்கப் பஞ்சு மிதந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், தார்க்கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மயிலாத்தாளுக்கு வலி ஏறியது. ஏறிக்கொண்டே இருக்கும்போது தலைக்கு மேலே குண்டு பல்பு மஞ்சளாய்க் கண் திறந்தது. வலி கன்னத்திலிருந்து கண்ணுக்கு ஏறியபோது பல்பு வெள்ளையாயிற்று, தறிகள் நான்கும் தடதடவென்று ஓட ஆரம்பித்தன.

"கரண்டு வந்துருச்சு!" என்று நஞ்சப்பன் ஓடிவந்தார்.

வலி இறங்கியது. தறிகள் நின்றன. மறுபடி ஏறியது. மறுபடி ஓடின. அவர் பல்பைப் பார்த்தார், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார், மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றிப் பார்த்தார். கடைசியில் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இத்தனை மாசத்தில் முதல் தடவையாக நம்பிக் கேட்டார்:

"இப்ப நோவுதா அம்மிணி?"

"நோவுதுங்க" என்றாள் மயிலாத்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அந்த அழுகையில் பாதிக்கு மேல் சந்தோஷம் இருந்தது.

சாயங்காலத்துக்குள் வீதி பூராவும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் வீதி பூராவும் விளக்கெரிந்தது. பல வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாசல்படியில் நின்று பார்த்தார்கள், பல்பைப் பார்த்தார்கள், "அடப் பாவமே, இந்த நோவா நோவுது!" என்று வாயில் கைவைத்தார்கள். பெண்கள் அவள் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, "இது நம்ம லைன்ல வர்றது இல்லீங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். யாரும் காணாத ஒன்றை, காட்டினால் கனவு என்று சொல்லப்பட்ட ஒன்றை, இப்போது நாற்பது வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நாள் மயிலாத்தாள் அந்த வெளிச்சத்திலேயே பசியாறினாள்.

ஆனால் அதிசயம் என்பது ஒரு வீட்டுக்கு ஒறம்பரையாக விருந்தாளி வந்த மாதிரிதான், முதல் நாள் பாய் விரிப்பார்கள், நாலாம் நாள் தண்ணீர் எடுத்துவரச் சொல்வார்கள். மற்ற வீதிகளில் தறி நின்றுகிடக்க வடக்கு வீதியில் மட்டும் தறி ஓடியது. மாவரைத்தார்கள், மோட்டார் போட்டார்கள், டி.வி. பார்த்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள், வடக்கு வீதி மாப்பிள்ளையா என்று கேட்டுக்கொண்டார்கள். காலையில் தறிக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "மயிலக்கா, இன்னைக்கு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பார்கள். ரொம்ப நோவுகிறது என்று அவள் சொன்னால், "செரிங்க்கா, செரிங்க்கா" என்று முகம் மலர்ந்து வேகமாக நடப்பார்கள். குறைந்திருக்கிறது என்று சொன்னால் அங்கேயே நிற்பார்கள்.

அடுத்த தை மாசத்தில் இரண்டு நாள் வலி அடியோடு இல்லாமலிருந்தது. அந்த இரண்டு நாளும் வீதியே வந்து அவளை விசாரித்தது. "ஏனுங்க்கா, ஒடம்புக்குச் செரியில்லீங்களா?" என்று கவலையாகக் கேட்டார்கள். ஒருத்தி சில்லென்று மோர் கொண்டுவந்தாள், ஒருத்தி கடிக்கக் கடினமான முறுக்குக் கொண்டுவந்தாள், ஒருத்தர் சிரிப்பு வரும்படி ஒரு கதை சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உபசாரம் போலத்தான் செய்தார்கள், அவர்களுக்கே அது உபசாரமாகத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் வலி வந்து விளக்கெரிந்ததும் மாரியாத்தா கோயிலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

அந்த டாக்டரைக் கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும் என்று ஆரம்பத்தில் பேச்சு இருந்தது. கோயில் மரத்தடியில் ஒரு நாள் ஆண்கள் கூடிப் பேசியபோது, நூல் வியாபாரம் பார்க்கிற சென்னிமலையப்பன் என்பவர், "காட்டலாம். ஆனா அவரு வந்து இன்னொரு ஊசியைப் போட்டுச் செரிபண்ணிட்டா?" என்று கேட்டார். ஒருத்தர் வானத்தைப் பார்த்தார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். நஞ்சப்பனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், அவரும் மழையைப் பற்றிப் பேசினார்.

மயிலாத்தாள் உள்ளறையில், ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்து, ஒரு கயிற்றுக்கட்டிலில் கிடந்தாள். இப்போது அவளைப் பார்க்க யாரும் உள்ளே வருவதில்லை, வரத் தேவையில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று பல்பைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மகள் போனில் கூப்பிட்டு, "அங்க வெளக்கு எரியுதாம்மா?" என்று கேட்டாள். அவள் கத்தினால் தறிச் சத்தம் அதை மூடியது, தறி ஓடுவதோ அவள் கத்துகிற நேரம் பார்த்துத்தான். ஆஸ்பத்திரி மேசையில் கிடந்தபோது சுற்றியிருந்தவர்களுக்கு அவள் வலி தெரியவில்லை. இங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு இடத்திலும் அவள் தனியாகவே கிடந்தாள், இரண்டாவதுதான் அதிகக் குளிராக இருந்தது.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று ஓட்டையெல்லாம் ஊதிப் பார்க்கிற காற்று, அதற்குப் பயந்து மேற்கு ஜன்னலை நஞ்சப்பனே சாக்கு வைத்து அடைத்து, கொக்கி போட்டிருந்தார். ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவர் தறியில் ஒரு பாவு நூல் முழுக்க நெய்து இறக்க வேண்டியிருந்தது, விடிந்தால் துணி எடுக்க லாரி வந்துவிடும். கரண்டு இல்லை. மயிலாத்தாளுக்கோ அன்றைக்கு மத்தியானத்திலிருந்து வலி இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு நல்ல தூக்கம் வந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொக்கி விலகுகிற சத்தத்தில் அவளுக்கு விழிப்பு வந்தது. கண்ணை முழுக்கத் திறக்கவில்லை. நஞ்சப்பன் ஜன்னலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தார். சாக்கை எடுத்து மடித்துக் கீழே வைத்தார். ஜன்னல் கதவை இழுத்துத் திறந்தார், கிறீச்சிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, அவள் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்பதைப் போலத் திறந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனார்.

காற்று வந்தது. அவள் கன்னத்துக்கு அது தெரியவில்லை, தலைமயிர் அசைந்ததில்தான் தெரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு மூச்சில், இவர் போர்வை போர்த்திக் கூட்டிவந்த மனுஷன் என்று மட்டும் நினைத்தாள். அதன் பிறகு பல்பு எரிந்தது, குடோனில் தறிகள் தடதடத்தன.

மயிலாத்தாள் எழுந்தாள். குடோன் வாசலைத் தாண்டிப் போனாள், தறியில் குனிந்திருந்த நஞ்சப்பன் நிமிரவில்லை. வீதியில் இறங்கி நடந்தாள். தலையில் துணி போட்டுக்கொள்ளவில்லை. காற்று நேராக முகத்தில் அடிக்க அடிக்க, அவள் நடக்க நடக்க, வீதி விளக்குகள் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் பளீரென்று எரிந்தன, வீடுகளுக்குள் மிக்சி ஓடியது, பாட்டுக் கேட்டது, கரண்டு நல்ல ஜோரா வருதே என்று ஒரு வீட்டுக்குள் யாரோ சொன்னார்கள். அவளைப் பார்த்த இரண்டொருவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

வீதிக் கடைசியில் ஒரு வீடு இருட்டாக இருந்தது.

அது துளசிமணியின் வீடு. துளசிமணி புருஷனை இழந்தவள், இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்துப் பிழைப்பவள். மயிலாத்தாள் வயசுதான் அவளுக்கும். வெகு காலத்துக்கு முன்னால் பொதுக்குழாயில் யார் குடம் முதலில் என்று வந்த சண்டையில், மயிலாத்தாள் அவளுடைய குடத்தை எத்திவிட, அவள் மயிலாத்தாளின் பிறந்த வீட்டையே இழுத்துப் பேச, அன்றோடு நின்றுபோன பேச்சு அதன் பிறகு தொடங்கவேயில்லை. கல்யாணம் காட்சியில்கூட ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

உள்ளேயிருந்து கல் உருளுகிற சத்தம் வந்தது. கதவு திறந்திருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் ஓரத்தில் துளசிமணி காலை நீட்டி உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் கிரைண்டர் துணி போட்டு மூடிக் கிடந்தது.

மயிலாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச வாயைத் திறந்தால் இன்னும் வலிக்கும். இருந்தாலும் கேட்டாள்.

"உன்ற வூட்டுல மட்டும் ஏன் வெளக்கெரியல?"

துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மாவைத் தள்ளிவிட்டாள். "மெயின்ல பீசைப் புடுங்கி வெச்சுட்டன்."

"ஏன்? எம்மேல இருக்கற கோவத்துலயா?"

"கோவம் ஒரு பக்கம் இருக்குது. அது வேற." கல்லைப் பிடித்த கை நிற்கவில்லை. "மொத நாளு நானும் கிரைண்டரைப் போட்டன். நல்லா ஓடுச்சு, மாவு பொங்கிட்டு வந்துச்சு. இங்க காத்து உங்க பக்கமிருந்துதான அடிக்குது, நீ கத்துனது கேட்டுச்சு. நீ நிறுத்துனதும் கிரைண்டரும் நின்னுச்சு. நீ கத்துனதும் ஓடுச்சு. அந்த மாவை எடுத்து ஊத்தி, நாலு வூட்டுக்குக் குடுத்து, அதைத் தின்னுன்னு சொல்ல எனக்கு மனசு வல்ல. கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்து பீசைப் புடுங்கிட்டன்."

"இத்தனை நாளா கையிலயா ஆட்டற?"

"பின்ன?"

மயிலாத்தாள் மூடிக் கிடந்த கிரைண்டரைப் பார்த்தாள். "அப்பறம் ஏன் ஒரு நாளாச்சும் வந்து பாக்கல?"

துளசிமணி ஆச்சரியமாகப் பார்த்தாள். "நாம பேசறதில்லையே புள்ள!"

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தனை மாசமாகச் சிரிக்காத வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தது, சிரித்த கையோடு வலி வந்தது, அதுவரைக்கும் வந்ததிலெல்லாம் பெரிய வலி. அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வெளியே வடக்கு வீதி முழுக்கப் பகல் மாதிரி எரிந்தது, தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடின, கோயில் பக்கம் நோம்பிக்குக் கட்டியிருந்த சீரியல் விளக்குகள் எரிந்திருக்க வேண்டும், பிள்ளைகள் ஓவென்று கைதட்டினார்கள்.

அந்த வருஷம் போய், கரண்டு ஒழுங்காக வந்து, வீதி அவள் கன்னத்தைச் சுத்தமாக மறந்துபோன பிறகும் மயிலாத்தாளுக்கு வலி வந்துகொண்டுதான் இருந்தது. நஞ்சப்பன் அடுத்த நாள் வந்து வாசலில் நின்று, ஜன்னலைச் செங்கல் வைத்தே அடைத்துவிட்டேன் என்று சொல்லி அழுததும், அவள் சில நாள் கழித்துத் திரும்பிப் போனதும், போன பிறகும் சாயங்காலமானால் வீதிக் கடைசிக்கு நடந்துவந்துவிடுகிறதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அந்த இருட்டு வீட்டுக்குள் நடந்தது இவ்வளவுதான்.

துளசிமணி அவள் முகத்தைத் தொடவில்லை. தண்ணீர் கொண்டுவரவில்லை. ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. உருண்டுகொண்டிருந்த குழவியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். மாவுக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே தறிகள் அத்தனையும் ஓடிக்கொண்டிருக்க, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள்.

வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின.

"ஆச்சா?" என்றாள் துளசிமணி.

"ஆச்சு" என்றாள் மயிலாத்தாள்.

அதன் பிறகுதான் துளசிமணி குழவியைத் தள்ளினாள்.